உப்பிட்டவர் யார்? (வாய்மொழியின் வரலாறு – பகுதி 9)

சென்ற பகுதியில் செஞ்சோற்றுக் கடனையும் கர்ணனையும் பார்த்தோம். சோற்றுக்கு அடுத்தது உப்பு. சோற்றுக் கடனுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்ல ஒரு கர்ணன் கிடைத்தான். உப்புக் கடனுக்கு அப்படி ஒரு நாயகன் நம்மிடம் இல்லை. இருந்தும் வீட்டுத் திண்ணையிலும் கடை வாசலிலும் கலியாண வீட்டுச் சண்டையிலும் மனிதர்கள் ஒருவரையொருவர் குத்திக் காட்டும்போது முதலில் வாயில் வருவது உப்புத்தான். “உப்பிட்டவரை உள்ளளவும் நினை.” தமிழ் பேசுகிற எந்த ஊரிலும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் வேரைத் தேட நான் தெரிந்தெடுத்த இடம் இலங்கையின் வடமேற்குக் கரையில் உள்ள மதுரங்குளி. கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் போகிற வீதியில், புத்தளத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஊருக்கு மேற்கே முந்தல் களப்பு. வடக்கே போனால் பாலாவிச் சந்தி. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பும் வீதி கற்பிட்டிக்குப் போகும். பாலாவியைச் சுற்றியும் புத்தளம் நகரை ஒட்டியும் உப்பளங்கள். வெயில் காலத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் உப்பைப் பஸ்ஸில் இருந்தபடியே காணலாம். தெற்கே உடப்பு, திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பேர்போன தமிழ்க் கடற்கரை ஊர். அருகே கடையாமோட்டை போன்ற முஸ்லிம் ஊர்கள். இடையிடையே சிங்களக் கிராமங்களும் கத்தோலிக்கக் கிராமங்களும். இந்தப் பக்கம் ஒரு வீட்டில் வளர்ந்துவிட்டுப் பின்னால் முகம் கொடுக்காமல் போனவனைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்படித்தான் வரும்: “எங்கட ஊட்டு உப்பத் திண்டு வளந்த பொடியன், இப்ப றோட்டுல கண்டா மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போறான்.”

சோறு, கறி, தேத்தண்ணி எல்லாவற்றையும் தின்று குடித்துத்தான் அவன் வளர்ந்திருப்பான். குற்றப் பத்திரிகையில் ஏறுவது மட்டும் உப்பு. அது ஏன் என்பதுதான் இந்தப் பகுதியின் கேள்வி.

முதலில் ஒரு தவறான முகவரியைத் திருத்திவிடுவோம். இந்தப் பழமொழியை ஔவையார் சொன்னதாக மேடையில் சொல்வார்கள், பள்ளிக்கூடச் சுவரிலும் அப்படி எழுதி வைப்பார்கள். ஆத்திசூடியில் இது இல்லை. கொன்றை வேந்தனில் இல்லை. மூதுரையிலும் நல்வழியிலும் இல்லை. தமிழில் யாருடையது என்று தெரியாத நல்ல வாசகம் எதையும் ஔவையின் கணக்கில் எழுதிவிடுவது நம் பழக்கம். பாட்டியும் மறுப்புச் சொல்ல வரப்போவதில்லை.

பழமொழிகளைத் திரட்டி அச்சேற்றும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் முறையாகத் தொடங்கியது. அதில் முன்னால் நிற்பவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷனில் இருந்தவர், ஆறுமுக நாவலரைத் துணையாக வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கியவர். அவருடைய பழமொழித் திரட்டு முதலில் 1840களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. பின்னர் சென்னைக்குப் போன பிறகு, 1874இல், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளோடு பெரும் பதிப்பாக வந்தது. 1897இல் ஹெர்மன் ஜென்சன் இன்னொரு திரட்டை வகைப்படுத்தி வெளியிட்டார். அச்சில் ஏறுவதற்கு முன்பே பல தலைமுறை வாயில் புழங்கிய வாசகங்கள் இவை. ஆகையால் நூலின் ஆண்டைப் பழமொழியின் பிறந்த ஆண்டாகக் கொள்ள முடியாது. அச்சுக்கு முந்திய காலத்தை வேறு தடயங்களிலிருந்துதான் பிடிக்க வேண்டும்.

மேற்கே பாரசீகத்தில் ஒரு கதை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் சீஸ்தானில் சபாரித் அரச மரபைத் தொடங்கிய யாகூப் இப்னு லைத், செம்பு வேலை செய்யும் கன்னானாக வாழ்வைத் தொடங்கியவர். இடையில் கொள்ளையராகவும் இருந்தார் என்பார்கள். ஓர் இரவு ஆளுநரின் கருவூலத்துக்குள் புகுந்து பொன்னையும் மணியையும் மூட்டை கட்டுகிறார். இருட்டில் ஏதோ பளபளக்கிறது. மாணிக்கமோ என்று எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறார். உப்புக் கட்டி! அடுத்த கணம் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வெளியேறுகிறார். அந்த வீட்டு உப்பைத் தின்றாகிவிட்டது, இனி அந்த வீட்டில் திருட முடியாது. காலையில் ஒன்றும் களவு போகவில்லை என்பதைக் கண்ட ஆளுநர், கள்ளனைத் தேடிப் பிடித்துத் தன் படையில் சேர்த்துக்கொள்கிறார். சிலர் இதை யாகூபின் தகப்பன் லைத்தின் கதையாகச் சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்று துருவ வேண்டியதில்லை. அந்தப் பக்கத்து மக்கள் உப்பை என்னவாக மதித்தார்கள் என்பதற்குக் கதையே போதுமான சாட்சி. தெரியாமல் நாக்கில் பட்டாலும் கடன் கடன்தான்.

இதைவிடப் பழைய சான்று வேதாகமத்தின் எஸ்றா புத்தகத்தில் இருக்கிறது. பாரசீகப் பேரரசனுக்கு அதிகாரிகள் சிலர் ஒரு கோள் கடிதம் எழுதுகிறார்கள். அரண்மனை உப்பை உண்கிறவர்களாகையால் அரசனுக்கு வரும் அவமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். கிறிஸ்துவுக்கு முந்திய ஐந்தாம் நூற்றாண்டுச் சூழல் அது. அங்கே உப்பு என்றால் சம்பளம், பதவி, விசுவாசம். இந்த அரண்மனை உப்புத்தான் பாரசீக மொழியோடு முகலாய தர்பாருக்கு வந்து ‘நமக் ஹலால்’ (உப்புக்கு உண்மையானவன்), ‘நமக் ஹராம்’ (உப்புக்குத் துரோகி) ஆனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களும் தங்கள் விசுவாசத்தை இந்தச் சொல்லால்தான் அளந்தார்கள். 1857இல் கிளர்ந்தெழுந்தவர்களை வெள்ளைக்கார அதிகாரிகள் திட்டியதும் உப்புக்குத் துரோகம் செய்தவர்கள் என்றுதான். இந்தி சினிமா வரை அந்த வழி நீள்கிறது. 1982இல் அமிதாப் பச்சன் நடித்த ‘நமக் ஹலால்’ 1987இல் ரஜினிகாந்த் நடிக்கத் தமிழில் வந்தபோது அதற்கு வைத்த பெயர் ‘வேலைக்காரன்’. இந்திக்காரன் உப்பு என்று கண்ட இடத்தில் தமிழ்ப்படம் எடுத்தவர்கள் வேலையைக் கண்டார்கள். அரண்மனை உப்பின் பொருளை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன அகராதி வேறில்லை.

நம் பழமொழியும் அந்த அரண்மனையிலிருந்து வந்ததுதானா? அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்பில்லை. தமிழில் உப்புக் கடனுக்கு அரண்மனை வாசல் தேவைப்படாத அளவுக்குப் பழைய தடம் இருக்கிறது.

அகநானூற்றின் 140ஆம் பாட்டு அம்மூவனார் பாடியது. உப்பு விற்கும் உமணர் வீட்டுப் பெண் ஒருத்தி, நெல்லும் உப்பும் சரிக்குச் சரி என்று விலை கூறிக்கொண்டு தெருவில் போகிறாள். அவளை அறியாத வீட்டு நாய் குரைக்கிறது. அந்தக் குரைப்பு அந்தப் பெண்ணின் கதையையே சொல்லிவிடுகிறது. அவள் இந்த ஊர்க்காரி இல்லை. நெய்தலிலிருந்து மருதத்துக்கு வந்தவள். உப்பு எப்போதும் வேற்றூர்ப் பொருள். பட்டினப்பாலையிலும் உப்பை விற்று நெல்லை ஏற்றிவந்த படகுகள் காவிரிப்பூம்பட்டினத்துக் கரையில் கட்டிக் கிடக்கின்றன. உழவன் நெல், பயறு, எள், காய்கறி எல்லாவற்றையும் தன் மண்ணில் விளைவித்துக்கொள்வான். பால் தொழுவத்தில் இருக்கும். தேன் காட்டில் கிடைக்கும். உப்பு மட்டும் அவன் கையில் இல்லை. அதற்கு யாராவது கரையிலிருந்து வண்டி கட்டி வரவேண்டும்.

அப்படி வந்த பொருளை ஒருவன் தன் வீட்டு அடுப்படியில் வைத்துக்கொண்டு விருந்தாளிக்கும் பங்கிட்டான் என்றால், தான் விளைத்ததை மட்டுமல்லாமல் தான் வாங்கி வந்ததையும் கொடுத்தான் என்றாகிறது. திருக்குறளின் நல்குரவு அதிகாரத்தில் கடைசிக் குறள், 1050, இதே கணக்கைக் கசப்பாகப் பேசுகிறது. துய்க்க ஒன்றும் இல்லாதவர்கள் முழுவதுமாகத் துறந்து போய்விடாமல் இருப்பது உப்புக்கும் காடிக்கும் எமன் என்கிறார் வள்ளுவர். அயல் வீட்டு உப்பும் கஞ்சியும் என்று உரைகாரர்கள் பொருள் சொன்னார்கள். பிறர் தயவில் வாழ்கிறவன் தின்று தீர்ப்பவை இரண்டு; அதில் முதலில் நிற்பது உப்பு. அரசனும் இல்லை, படையும் இல்லை, சம்பளமும் இல்லை. பக்கத்து வீடுதான் இருக்கிறது. நம் பழமொழியின் நாற்றங்கால் இதுதான் என்பது என் முடிவு.

இப்போது புத்தளத்துக்குத் திரும்புவோம். ஏனென்றால் அயல் வீட்டு உப்பு, அரண்மனை உப்பு இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட கரை இது.

புத்தளம் களப்பு ஏறக்குறைய 327 சதுர கிலோமீற்றர் பரப்பு. ஆழம் குறைவு, வாய் வடக்கே பார்த்திருக்கிறது. ஆற்று நீர் வரத்து மழைக் காலத்தோடு சரி. வறண்ட மாதங்களில் களப்பின் தண்ணீர் கடலைவிடக் கூடுதல் உப்பாகிவிடும். சாதாரணக் கடல் நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்புப் பொருள்கள் இருக்கும். இங்கே இயற்கையே பாதி வேலையை முடித்துக் கொடுக்கிறது. வைகாசி மழை ஓய்ந்த பிறகு தென்மேற்கிலிருந்து வீசும் காற்று, கொழும்புப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வெறும் காற்றாக வரும். அந்தக் காற்றும் வெயிலும்தான் உப்பு விளைச்சலின் மூலதனம். தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி விடுவார்கள். முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் படியும். அதற்கப்புறம்தான் உப்புப் பூக்கும். கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரை நேரத்தோடு வெளியேற்ற வேண்டும். பிந்தினால் உப்பும் கசக்கும். ஐப்பசி மழை தொடங்குமுன் வாரிக் குவித்துக் கிடுகால் மூடிவிட வேண்டும். ஒரு பின்னேரத்து மழை போதும், ஒரு மாதத்து வேலை திரும்பத் தண்ணீராகிவிடும்.

கண்டி மலைநாட்டில் உப்பு இல்லை. கண்டி அரசனுக்கு யானை இருந்தது, கறுவாக் காடு இருந்தது, பாக்கும் இரத்தினக்கல்லும் இருந்தன. உப்புக்கு மட்டும் அவன் குடிமக்கள் கரைக்கு இறங்கியாக வேண்டும். மேற்கே புத்தளம், தென்கிழக்கே இலேவாய்கள் என்னும் உப்பு வாவிகள். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டுப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி நாட்டில் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் புத்தளத்தைக் குறிப்பிடுகிறார். அரசனின் நாட்டில் ஒரு பகுதிக்கு உப்பும் மீனும் அந்தத் துறையிலிருந்துதான் வருகின்றன, ஆனால் கற்பிட்டிக் கோட்டையில் ஒல்லாந்தர் இருக்கிறார்கள் என்பது அவர் தரும் செய்தியின் சாரம். மலைநாட்டுக் கைதி ஒருவருக்கே அந்த நெருக்குதல் தெரிந்திருந்தது. களப்பின் வாசலில் கோட்டை கட்டியவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

உப்பை மலைக்கு ஏற்றியது தவளம். பொதி மாடுகளின் தொடரை இலங்கையில் அப்படித்தான் சொல்வார்கள். கண்டி அரசில் போக்குவரத்துக்கென்றே ‘மடிகே பத்த’ என்று ஒரு பகுதி இருந்தது. அதில் பெரும்பங்கு முஸ்லிம்கள். புத்தளத்திலிருந்து உப்பும் கருவாடும் குருநாகல் பக்கமாக மலைக்கு ஏறும். பாக்கும் மற்ற மலைச் சரக்கும் கீழே இறங்கும். கண்டி நாட்டு முஸ்லிம்களுக்கும் சிங்கள அரசர்களுக்கும் இடையில் இருந்த நெருக்கத்தை லோனா தேவராஜா 1994இல் எழுதிய நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்த நெருக்கத்துக்குப் பல காரணங்கள். மாட்டு முதுகில் ஏறிப்போன உப்புப் பொதியும் அதில் ஒன்று என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். யார் யாருக்கு உப்பிட்டார்கள் என்று இங்கே கேட்டுப் பாருங்கள். அரசன் குடிகளுக்கு இட்டானா? களப்பில் இறங்கி வாரியவரும் காட்டு வழியில் மாடு ஓட்டியவரும்தான் அரசனுக்கு இட்டார்கள். எஸ்றா காலத்து அரண்மனைக் கணக்கு இங்கே தலைகீழாகக் கிடக்கிறது.

ஒல்லாந்தர் இந்தக் கணக்கைச் சரியாகப் படித்தார்கள். கண்டி அரசன் கீர்த்தி சிறி இராசசிங்கனோடு 1761இல் மூண்ட சண்டை 1766 பெப்ரவரி 14ஆம் திகதி ஒப்பந்தத்தில் முடிந்தது. ஆளுநர் ஃபல்க் காலம். தீவைச் சுற்றிக் கரை முழுவதும் ஒல்லாந்தரின் கம்பெனிக்குப் போயிற்று. கண்டி அரசு கடலைத் தொடாத நாடானது. ஆனால் அதே ஒப்பந்தத்தில், சிலாபம், புத்தளம் உப்பளங்களில் அரசனின் குடிகள் உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதியையும் வைத்தார்கள். பெருந்தன்மை போலத் தெரியும். நேற்றுவரை தன் கரையில் தானே எடுத்ததை இனி ஒல்லாந்தன் அனுமதியோடு எடுக்க வேண்டும். அனுமதி என்றால் நாளைக்கு மறுக்கவும் படலாம். அன்று முதல் கண்டி, கம்பெனியின் உப்பைத் தின்கிற வீடாயிற்று.

பிரித்தானியர் வந்ததும் விதியும் போயிற்று, தயவும் போயிற்று. 1795இலும் 1796இலும் கரை அவர்கள் கைக்கு வந்தது. 1815இல் கண்டியும் வந்தது. உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். விளைவிக்கிறவர்களிடம் அரசாங்கம் நிர்ணயித்த மலிவு விலைக்கு வாங்கி, பண்டசாலையில் வைத்து, பல மடங்கு விலைக்கு விற்றார்கள். தானாகப் பூத்துக் கிடக்கும் உப்பை ஒரு கை அள்ளினாலும் குற்றம். ஒல்லாந்தர் காலத்து வாய்க்கால், முந்தல் களப்பு வழியாகத் தெற்கே சிலாபம், நீர்கொழும்பு வரை இந்தச் சரக்குக்குப் பாதையாயிற்று. பின்னாளில் எழுத்தாளராகப் பேர் பெற்ற லெனாட் வுல்ஃப், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது அவர் தலையில் விழுந்த பெரிய வேலைகளில் ஒன்று உப்பு அள்ளுவதை மேற்பார்வை செய்வது. ஏகாதிபத்தியத்தை வெறுத்துத் திரும்பிப் போன மனிதரின் நாட்குறிப்பில் உப்பு மூட்டைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

இந்தக் காலத்து உப்புக் கணக்குகள் அருகிலிருந்தே தெரிந்த ஓர் உள்ளூர் மனிதரையும் சொல்ல வேண்டும். கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி. புத்தளத்தில் மணியகாரராக இருந்தார், 1834இல் இலங்கை அகரவரிசைக் களஞ்சியத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார், 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றையும் எழுதினார். இந்தக் கரையின் முக்குவர் வழமைகளைப் பதிவு செய்தவரும் அவர்தான். இன்று புத்தளம் மாவட்டத்துக்குள்ளேயே அவர் பெயர் தெரிந்தவர் குறைவு. உப்பிட்டவரை நினைப்பது இருக்கட்டும், எழுதி வைத்தவரையாவது நினைக்க வேண்டாமா?

நீரிணைக்கு அந்தப் பக்கமும் இதே ஏகபோகம்தான். 1930 ஏப்பிரல் 13ஆம் திகதி ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர்களோடு நடக்கத் தொடங்கினார். தஞ்சாவூர்க் கலெக்டர் தோர்ன் ஒரு கட்டளை போட்டார்: நடைக்காரர்களுக்குச் சோறு போடுகிறவர்களும் இடம் கொடுக்கிறவர்களும் தண்டிக்கப்படுவார்கள். வழி நெடுக மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக் கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்கள் என்று அந்த நடையைப் பற்றிச் சொல்வார்கள். உப்பு எடுக்கப் போனவனுக்கு உப்பிட்டால் சிறை. பழமொழிக்கு எதிராகச் சட்டம் போட்ட கலெக்டர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இனிச் சொல்லப்போவது பலருடைய நினைவில் இன்னும் ஆறாதது. 1990 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையானவர்கள் வந்து சேர்ந்த இடம் புத்தளம் மாவட்டம். மன்னாரிலிருந்து பலர் வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு இறங்கினார்கள். முந்தல், புத்தளம், கற்பிட்டி, வண்ணாத்திவில்லுப் பிரிவுகளில் பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் தென்னந்தோட்டங்களும் முகாம்களாயின. அரசாங்க நிவாரணம் ஒழுங்காக வருவதற்கு முன் அவர்களுக்கு உலை வைத்தது ஊர். வீட்டுக்கு வீடு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கிடுகு கொடுத்தார்கள், கிணற்றைத் திறந்துவிட்டார்கள். நகரத்து முதலாளிக்கும் களப்பில் வலை வீசுகிறவனுக்கும் அந்த நாட்களில் வித்தியாசம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும். சில மாதத்து விருந்து இருபது வருட வாழ்க்கையானபோது நெருக்கடி வந்தது. பள்ளிக்கூடத்தில் இடம், கூலி வேலைக்குப் போட்டி, தண்ணீர், காணி விலை, வாக்காளர் பட்டியல். உள்ளூர்க்காரர் “நாங்கதானே உங்களுக்குச் சோறு போட்டம்” என்றார்கள். வந்தவர்கள் “எத்தனை காலத்துக்குச் சொல்லிக் காட்டுவீங்க?” என்றார்கள். நம் பழமொழி இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறது. அது தின்றவனைப் பார்த்துச் சொல்லும் கட்டளை. இட்டவனுக்கு அதில் வசனமே இல்லை. இட்டவன் வாயிலிருந்து வந்தால் அது வட்டிக்காரனின் குரல். அரண்மனையும் கம்பெனியும் முதலாளியும் பல நூற்றாண்டாகச் செய்துவந்தது அதைத்தான். பக்கத்து வீட்டு உப்பைத் தங்கள் உப்பாக மாற்றிக்கொண்டு, தின்றவனின் நன்றியைச் சேவகமாக வசூலித்தார்கள். புத்தளத்துச் சாதாரண மக்களில் மிகப் பலர் அப்படி வசூலிக்கவில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும். போர் முடிந்த 2009க்குப் பிறகு திரும்பிப் போனவர்கள் உண்டு, இங்கேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்களும் உண்டு. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படித்து வளர்ந்துவிட்டார்கள்.

உப்பை விளைவிக்கிறவர்களின் கதை இவ்வளவு நீளத்துக்கும் ஓரத்திலேயே நிற்கிறது. பாத்திக்குள் இறங்கி நிற்கும் கால் வெடிக்கும். வெள்ளை வெயில் கண்ணைக் கூசும். வேலை ஆண்டு முழுக்க இல்லை. மழை வந்தால் கூலி நின்றுவிடும். 2024 கடைசியிலும் 2025இலும் அது பெரிய அளவில் நடந்தது. பருவம் தவறிய மழையில் புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் விளைச்சல் கெட்டது. சுற்றிவரக் கடல் உள்ள நாடு இந்தியாவிலிருந்து உப்பைக் கப்பலில் இறக்கியது. 2025 வைகாசியில் பல கடைகளில் உப்புப் பொதியே இல்லை. கிடைத்த இடத்தில் ஒரு கிலோ உப்பின் விலை ஒரு கிலோ அரிசியின் விலையைத் தாண்டியது. அம்மூவனார் காலத்து உமணப் பெண் கூவிய விலைகூட நெல்லுக்குச் சரிக்குச் சரிதான். அந்த வாரங்களில் உப்பளத்துக் கூலிக்காரரைப் பற்றிப் பேசியவர்களைவிட முதலாளிமாரையும் அமைச்சரையும் திட்டியவர்களே அதிகம்.

‘உப்பு விற்கப் போனால் மழை, மா விற்கப் போனால் காற்று’ என்ற பழமொழி பிறந்தது அந்தக் கூலிக்காரர் வயிற்றில்தான். அடுத்த பகுதி அதைப் பற்றியது. அதற்கு முன் ஒரு வேண்டுகோள். மதுரங்குளி, கடையாமோட்டை, முந்தல், உடப்பு, பாலாவி, கற்பிட்டிப் பக்கத்தில் உப்பளத்தில் வேலை செய்த மூத்தவர்கள், தவளம் ஓட்டிய பாட்டன்மாரின் கதை கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாத்திக்கும் வாய்க்காலுக்கும் உப்பு வாரும் பலகைக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர்களையும், வேலை செய்துகொண்டே சொன்ன சொலவடைகளையும் உங்கள் வீட்டு வாப்பா, உம்மம்மா, தாத்தா, பாட்டியிடம் கேட்டு, அவர்கள் சொன்ன பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். திருத்த வேண்டாம். எழுத்துப் பிழையோடு வந்தாலும் பரவாயில்லை.